கடாஃபியின் மூன்று லட்சம் பவுண்டும் மலாபோ சந்தைக் கணக்கும்

2009 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளி (LSE) என்ற உயர்கல்வி நிறுவனத்தின் ஆட்சிக்குழுவுக்கு ஒரு குறிப்பு போனது. எழுதியவர் ஃபிரெட் ஹாலிடே. அங்கே பல்லாண்டுகள் சர்வதேச உறவுகள் கற்பித்து ஓய்வுபெற்றவர். அரபும் பாரசீகமும் தெரிந்தவர். லிபியத் தலைவர் கடாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் நடத்திய அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் பவுண்டு நன்கொடை வாங்க வேண்டாம் என்பது அந்தக் குறிப்பின் சாரம். ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகளில் வரவிருந்த பணம் அது. முந்தைய ஆண்டுதான் சைஃப் அதே நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். உலக அமைப்புகளை ஜனநாயகப்படுத்துவதில் குடிமைச் சமூகத்தின் பங்கு என்பது அவருடைய ஆய்வுப் பொருள்.

ஆட்சிக்குழு குறிப்பைப் பரிசீலித்தது. பணம் வாங்கும் முடிவில் மாற்றமில்லை என்றது.

2011 பிப்ரவரி 20 இரவு அதே சைஃப் லிபியத் தொலைக்காட்சியில் தோன்றி, எதிர்ப்பு அடங்காவிட்டால் ரத்த ஆறு ஓடும் என்று தன் நாட்டு மக்களை மிரட்டினார். மார்ச் 3 அன்று பள்ளியின் இயக்குநர் ஹவார்ட் டேவிஸ் பதவி விலகினார். முன்னாள் தலைமை நீதிபதி உல்ஃப் பிரபு தலைமையில் பள்ளியின் லிபியத் தொடர்புகள் பற்றி விசாரணை நடந்து, அறிக்கை நவம்பரில் வெளியானது.

இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கல்வி நிறுவனக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்த அக்டோபர் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். நன்கொடை விவகாரம் நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை இப்போது மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று யாராவது சொல்வார்கள். நான் இருந்த ஒரு கூட்டத்திலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்; கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அதனால் அந்தக் குழுவினரைக் கெட்டவர்கள் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னால் இப்படி ஒரு கோப்பு வரும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் வழி ஒன்றல்ல. ஊழலில் ஊறிய ஓர் அயல்நாட்டு அரசு கை நீட்டும்போது பல்கலைக்கழகம் நன்கொடை வாங்கலாம். காசு வாங்கிக்கொண்டு பயிற்சி அளிக்கலாம். அந்த நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் கட்ட உதவலாம். அரசை விட்டுவிட்டு அங்குள்ள மாணவர்களோடும் ஆய்வாளர்களோடும் மட்டும் வேலை செய்யலாம். இல்லை, கதவைச் சாத்திவிடலாம். எல்லாவற்றையும் ‘கூட்டுறவு’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஹாலிடே இந்தக் குழப்பத்துக்கு ஆளாகவில்லை. இப்படிப்பட்ட நாடுகளோடு பேசுவதை அவர் எதிர்க்கவில்லை. தாமே பல ஆண்டுகள் பேசியவர். பேசுவது வேறு, அவர்களிடம் பணம் வாங்குவது வேறு என்றார். இன்னொன்றையும் சொன்னார்: இத்தகைய ஆட்சிகளில் சீர்திருத்தவாதி என்று வெளியுலகுக்குக் காட்டப்படுபவரின் வேலை, உள்ளே இருக்கும் கடும்போக்காளர்களோடு சமரசம் செய்துகொண்டு, வெளியிலிருந்து வரும் நெருக்கடியைத் தணிப்பதுதான். சைஃபைப் பற்றி அதற்குப் பிறகு எழுதப்பட்டவற்றில் இதைவிடச் சரியான கணிப்பை நான் பார்க்கவில்லை.

முதலில் நன்கொடை. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிமையானது, ஓரளவு நியாயமானதும்கூட. எப்படியும் அந்தப் பணம் சொகுசுக் கப்பலுக்கோ கடற்கரை மாளிகைக்கோ போகப்போகிறது. அதற்குப் பதில் ஆராய்ச்சிக்கு வந்தால் நல்லதுதானே? லிபியப் பணம் வட ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வுக்கென்றே வந்தது. அப்போது லிபியா விலக்கி வைக்கப்பட்ட நாடாகவும் இல்லை. 2003-ல் அது பேரழிவு ஆயுதங்களைக் கைவிட்டது, ஐ.நா. தடைகள் நீங்கின. 2004-ல் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் கடாஃபியின் கூடாரத்துக்கே போய்க் கைகொடுத்தார். அரசே கைகொடுக்கும்போது பல்கலைக்கழகம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கேட்டவர்களைக் குறை சொல்வது கடினம்.

இருந்தும் இந்த வழியைத்தான் எல்லாவற்றிலும் மோசமானதாக நான் கருதுகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நன்கொடை கொடுத்தவரை நினைப்பதும் அவருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதும் மனித இயல்பு. தனிமனிதரிடம் அது பண்பு. உண்மையைச் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அதுவே கைவிலங்கு. நிபந்தனை எதுவும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதில்லை. 2010 மே மாதம் சைஃப் அந்தப் பள்ளியின் மேடையில் உரையாற்றினார். அந்த ஆண்டு டிசம்பரில் மூத்த கடாஃபியே காணொளி வழியாக அங்கே பேசினார். கொடுப்பதாகச் சொன்ன 15 லட்சத்தில் அதுவரை வந்து சேர்ந்தது மூன்று லட்சம்தான். அந்த மேடைகளும் அந்தப் பட்டமும் அந்தப் பெயரும் லிபிய ஆட்சிக்கு என்ன மதிப்பு பெற்றிருக்கும் என்று கணக்குப் போட்டால், மிகவும் மலிவாக விற்றுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

பணத்தின் ஊற்றையும் பார்க்க வேண்டும். அந்தத் தொகை அறக்கட்டளையின் சொந்தப் பணம்கூட இல்லை, தனியார் நிறுவனங்களிடமிருந்து வந்தது என்று உல்ஃப் அறிக்கை காட்டியது. லிபிய ஒப்பந்தங்களுக்காகக் கைமாறிய லஞ்சமாக அது இருந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. நன்கொடையாளரின் பெயரைப் பார்த்தார்கள், பணம் நடந்து வந்த பாதையைப் பார்க்கவில்லை. வங்கியில் சாதாரண ஒருவர் கணக்கு தொடங்கப் போனால் கேட்கப்படும் கேள்விகள்கூட இங்கே உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை. பட்டமும் பணமும் ஒரே வீட்டு வாசலில் அடுத்தடுத்து நின்றதும் யாரையும் உறுத்தவில்லை. சைஃபைச் சேர்த்துக்கொண்டதில் ஒரு லட்சியவாதமும் கலந்திருந்தது என்கிறார் உல்ஃப்: இவரைப் படிக்க வைத்தால் லிபியாவுக்கே நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை. ஆட்சியாளரின் பிள்ளை ஒருவரைத் திருத்தினால் நாடு திருந்திவிடும் என்று நம்புவது படித்தவர்களுக்கு எப்போதும் பிடித்தமான கனவு. விண்ணப்பத்தைத் தராசில் நிறுக்கும்போது அந்தக் கனவை ஒரு தட்டில் வைத்துவிட்டார்கள். அவருடைய ஆய்வேடு எவ்வளவு சொந்த உழைப்பு என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. லண்டன் பல்கலைக்கழகம் தனியே விசாரித்து, பட்டத்தைப் பறிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது.

பதவி விலகியபோது டேவிஸ் இரண்டு தவறுகளை ஒப்புக்கொண்டார். நன்கொடையை ஏற்கும்படி ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரைத்தது ஒன்று. பிரிட்டன் அரசின் பொருளாதாரத் தூதராக லிபியாவுக்குப் போனது மற்றொன்று. இரண்டாவதை அவர் சேர்த்துச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒரே மனிதர் அரசின் தூதராகவும் பல்கலைக்கழகத்தின் காவலராகவும் இருக்க முடியாது என்பதை உணர்ந்து சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பயிற்சி ஒப்பந்தம். அதே பள்ளியின் வணிகப் பிரிவு லிபிய அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்க 22 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. நன்கொடையைவிட இது எவ்வளவோ மேல். வேலைக்குக் கூலி என்பதால் கடன்பட்ட உணர்வு குறைவு. என்ன கொடுத்தோம், என்ன வாங்கினோம் என்று காட்டலாம். வரவுசெலவுத் திட்டம் போடவும் கணக்குத் தணிக்கை செய்யவும் ஒரு கீழ்மட்ட அதிகாரி கற்றுக்கொண்டால், ஆட்சி மாறிய பிறகும் அந்த அறிவு அந்த நாட்டில் தங்கும். இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். கேள்வி ஒன்றுதான்: வகுப்புக்கு வரும் அதிகாரிகளை யார் தேர்ந்தெடுப்பது? ஆட்சியாளரின் அலுவலகம் பட்டியல் அனுப்பினால், விசுவாசத்துக்கான பரிசாக லண்டன் பயணம் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. பெயர்களைப் பல்கலைக்கழகமே திறந்த தேர்வின் மூலம் எடுக்கும் உரிமை இருந்தால் யோசிக்கலாம்.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நம் பக்கத்திலிருந்தே வருவது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யாவின் தனியார்மயத்துக்கும் பங்குச் சந்தைக்கும் ஆலோசனை சொல்ல, அமெரிக்க அரசின் பணத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சர்வதேச வளர்ச்சி நிறுவனம் மாஸ்கோ போனது. ஆலோசனை சொல்லப் போனவர்களில் சிலரும் அவர்கள் குடும்பத்தாரும் அதே ரஷ்யச் சந்தையில் சொந்தப் பணத்தை முதலீடு செய்திருந்தது வெளிப்பட்டது. அமெரிக்க அரசு 2000-ல் வழக்குத் தொடுத்தது. 2005-ல் ஹார்வர்ட் 2 கோடியே 65 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வளர்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. ஊழல் என்றால் அது அந்த நாட்டுக்காரர்களின் வியாதி, நாம் மருந்து கொண்டுபோகிறோம் என்ற நினைப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

அவர்கள் மண்ணிலேயே பல்கலைக்கழகம் கட்டிக் கொடுப்பது மூன்றாவது. கஜகஸ்தானில் 2010-ல் தொடங்கிய நசர்பாயேவ் பல்கலைக்கழகம் இதற்கு உதாரணம். அன்றைய அதிபரின் பெயர், அரசின் பணம், அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் துணை. சுயாட்சியும் கல்விச் சுதந்திரமும் உறுதி செய்யத் தனிச்சட்டம் 2011-ல் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று ஜனாவோசென் நகரில் வேலைநிறுத்தத்தில் இருந்த எண்ணெய்த் தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டது. பதினைந்துக்கும் குறையாத பேர் இறந்தார்கள். சட்டம் நல்ல சட்டம்தான். மதிப்பெண்ணைக் காசுக்கு வாங்கும் வழக்கம் இருந்த நாட்டில், லஞ்சம் இல்லாமல் திறமையால் இடம் கிடைக்கும் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் புரிகிறது. இந்த வழியில் நான் உறுதியான பதில் சொல்லத் தயங்குவது அந்தப் பிள்ளையை நினைத்துத்தான். ஆனாலும் வாழும் ஆட்சியாளரின் பெயரை வாசலில் எழுத ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2008-ல் யுனெஸ்கோ, மத்திய ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியின் அதிபர் ஒபியாங்கின் பெயரில் 30 லட்சம் டாலர் நிதியோடு ஓர் அறிவியல் பரிசை ஏற்படுத்தப் போய், எதிர்ப்பில் சிக்கி, 2012-ல் அதிபரின் பெயரை எடுத்துவிட்டு நாட்டின் பெயரை வைத்தது. ஆட்சியாளர்கள் பணத்தைவிடப் பெயருக்கே போராடுகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். அவர்கள் விடாப்பிடியாகக் கேட்பது எதுவோ, அதுதான் நம்மிடம் உள்ள விலையுயர்ந்த பொருள்.

அந்த எக்குவடோரியல் கினிக்குள்ளேயே நான்காவது வழி நடந்திருக்கிறது என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி. ஒபியாங் 1979-ல் தன் மாமனைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்தவர், இன்னும் இறங்கவில்லை. தொண்ணூறுகளில் கடலில் எண்ணெய் கிடைத்தது. 2004-ல் அமெரிக்க செனட் விசாரணை, வாஷிங்டனின் ரிக்ஸ் வங்கியில் அந்த நாட்டு அரசு, அதிகாரிகள், அவர்கள் குடும்பத்தார் ஆகியோரின் கணக்குகளில் 70 கோடி டாலர் வரை குவிந்திருந்ததை வெளியிட்டது. அதிபரின் மகனைப் பாரிஸ் நீதிமன்றம் 2017-ல் பொதுப்பணத்தைச் சுருட்டியதற்காகக் குற்றவாளி என்றது. ஊழல் அரசு என்பதற்குப் பாடநூல் உதாரணம் தேடினால் இங்கே முடித்துக்கொள்ளலாம்.

அதன் நெடுநாள் தலைநகரான மலாபோ இருக்கும் பயோகோ தீவில், அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகமும் அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் உயிரினப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்தியிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு வகைகள் அந்தத் தீவில் வாழ்கின்றன. தெற்குக் கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. திட்டத்தின் வேலைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. மலாபோ சந்தையில் காட்டு இறைச்சி விற்கும் இடத்துக்குப் போக வேண்டும். அன்று வந்து இறங்கிய ஒவ்வொரு விலங்கையும் இனம், எண்ணிக்கை, விலை என்று குறிக்க வேண்டும். முள்ளம்பன்றி, சிறு மறிமான், குரங்கு. மயிர் பொசுக்கும் புகைக்கு நடுவே நின்று நோட்டில் எழுத வேண்டும். மறுநாளும் வர வேண்டும். 1997-ல் தொடங்கி 13 ஆண்டுகளில் இப்படி எண்ணப்பட்டவை 1,90,000-க்கும் மேல். இடையில் 2007-ல் குரங்கு வேட்டையைத் தடை செய்து அதிபரின் ஆணை வந்தது. கணக்கேடு என்ன சொன்னது? கொஞ்ச காலம் குறைந்தது, பிறகு முன்பைவிடக் கூடியது. ஆணை பலிக்கவில்லை என்பதை எண்களோடு ஆய்விதழில் அச்சிட்டார்கள்.

இந்தத் திட்டமும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை. அந்நாட்டில் தொழில் செய்த எண்ணெய் நிறுவனங்களின் பணம் அதில் இருந்திருக்கிறது. அரசின் அனுமதியின்றி அங்கே ஓரடி வைக்க முடியாது. குரங்குகளைப் பற்றி எழுதலாம், கருவூலத்தைப் பற்றி எழுதினால் அனுமதி என்னவாகும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். இருந்தும் லண்டனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆட்சியாளர் வீட்டுப் பிள்ளைக்கு மேடை கிடைத்தது. இங்கே சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குக் களப்பணி கற்றுக்கொள்ள வழி கிடைத்தது, அதிபரின் ஆணை தோற்றதைச் சொல்லும் ஓர் ஆவணமும் உலகுக்குக் கிடைத்தது. கூட்டுறவு ஒன்றை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் படிக்கல் இதுவே: அந்த ஆட்சிக்குப் பிடிக்காத ஒரு முடிவை இந்தத் திட்டம் எப்போதாவது வெளியிட்டிருக்கிறதா? தொடங்காத திட்டம் என்றால், அப்படி ஒரு முடிவு வந்தால் தடையின்றி வெளியிடும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

கதவைச் சாத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான கைகளோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அங்கே படிக்கத் துடிக்கும் ஒரு பெண் எங்கே போவாள்? 2018 அக்டோபரில் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்ட பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இந்த விவாதம் கடுமையாக நடந்தது. கொலையாளிக் குழுவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவர், அந்த ஆண்டு மார்ச்சில் சவூதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் பரிவாரத்தோடு அதே வளாகத்துக்கு வந்துபோயிருந்தார் என்பது தெரியவந்தபோது பலருக்கும் வயிறு கலங்கியது. உறவை முறிக்க வேண்டும் என்ற மாணவர்களின் பக்கம் என் மனம் சாய்கிறது. அதே வளாகத்தில் சவூதிப் பெண் ஆய்வாளர்களுக்கென்று ஒரு உதவித்திட்டமும் நடந்துகொண்டிருந்ததை நினைத்தால் கை பின்வாங்குகிறது. கழகம் 2019 பிப்ரவரியில் உறவைத் தொடர்வதென்று முடிவு செய்து, எந்தத் திட்டத்தில் சேர்வது என்பதை ஒவ்வொரு பேராசிரியரின் மனசாட்சிக்கும் விட்டது. அது போதாது என்பது என் கருத்து. மேடையும் கைகுலுக்கலும் நிறுவனத்தின் பெயரில் நடந்தவை. பொறுப்பை மட்டும் தனிமனிதர் தலையில் இறக்கிவைக்க முடியாது.

ஆகவே என் முன்னால் கோப்பு வந்தால், ஆட்சியாளர் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தை வாங்கமாட்டேன், தொகை எவ்வளவு ஆனாலும். பயிற்சி ஒப்பந்தத்தைப் பயிற்சி பெறுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் மட்டும் பேசுவேன். அதிலும் நம் ஆசிரியர்கள் தங்கள் முதலீடுகளை எழுதிக் கொடுத்த பிறகே. அங்கே வளாகம் கட்டும் திட்டத்துக்குப் பெயர்ப்பலகையும் சுயாட்சியும் தீராமல் கையெழுத்திடமாட்டேன். மாணவர்கள், ஆய்வாளர்கள் அளவிலான வேலைக்கு உடனே சம்மதிப்பேன், ஒரே ஒரு சேர்க்கையோடு: செலவில் கணிசமான பங்கை நாம் ஏற்க வேண்டும். அந்த நாட்டு மக்களின் நன்மைக்காகத்தான் இந்த உறவு என்று நாமே சொல்கிறோம். நம் பணத்தைப் போடச் சொன்னதும் ஆர்வம் வடிந்துவிட்டால், யாருடைய நன்மைக்காக என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிடும்.

லண்டன் பள்ளியும் கடைசியில் ஏறக்குறைய இங்கேதான் வந்து சேர்ந்தது. லிபியாவிடம் பெற்ற மூன்று லட்சம் பவுண்டுக்கு ஈடான தொகையை வட ஆப்பிரிக்க மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்குவதாக 2011-ல் அறிவித்தது. 2009 அக்டோபரில் ஹாலிடேயின் குறிப்பு மேசைமேல் இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம். அந்த அறிவிப்பைப் பார்க்க அவர் இல்லை. 2010 ஏப்ரலில் பார்சிலோனாவில் காலமாகிவிட்டார்.